பொதுச்சுவரில் மாட்டிய கடிகாரம்

என் கணவர் சிவசங்கரனை பெங்களூரு ஈஜிபுராவில் எங்கள் கட்டடமே சாது என்று சொல்லும். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பதைப் பக்கத்து வீட்டு ஹரிஷுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இவருக்கு அடுகோடியில் மாடுலர் கிச்சன் செய்யும் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் யுட்டிலிட்டியில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், மேஜையோடு சேர்ந்த ரம்ப மெஷினைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஸ்டூல், சாமி ஷெல்ஃப் என்று எதையாவது அறுப்பார். ஆறு நாள் அடுத்தவன் வீட்டு அலமாரி, ஒரு நாள் தனக்கு. அவ்வளவுதான் அந்த மனுஷனுக்கு வேண்டியது.

ஹரிஷ் ஐ.டி.க்காரன். அந்தச் சத்தத்தை வீடியோ எடுத்துக் கட்டடத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். ‘குடியிருக்கும் இடத்தில் ஃபேக்டரி நடக்கிறது’ என்று எழுதினான். கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவரே நிறுத்தியிருப்பார். மெஷின் போகணும், இல்லையென்றால் நீங்கள் போகணும் என்றார் ஓனர். நானும் இவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூன்று மாடி இறக்கினோம். எல்லாரும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

அடுத்த வாரமே மரக் கடிகாரம் செய்ய ஆரம்பித்தார். கைரம்பம், அரம், உப்புத்தாள், வேறொன்றும் கிடையாது. தேக்குத் துண்டில் வட்டம் போட்டு, சக்கரங்களைப் பல் பல்லாக அறுத்தெடுக்க இரண்டு மாதம் ஆயிற்று.

"சத்தமே வராத வேலை பாத்தியா வனஜா?" என்று சிரித்தார். "முடிச்சப்புறம் இருக்கு சத்தம்."

சின்னக் கடிகாரம்தான். ஆனால் டிக் டிக் இல்லை, டொக் டொக். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே நாலு அங்குலச் சுவர். அந்தப் பக்கம் குழந்தை தும்மினால் இந்தப் பக்கம் நான் ‘நூறு’ சொல்லலாம். அவர்கள் படுக்கும் இடம் பார்த்து ஆணி அடித்தார். கடிகாரம் ஓடுகிறது என்று எவன் புகார் கொடுப்பான்?

ஒரு மாதம் போயிற்று. சுவரில் காதை வைத்துக்கூடக் கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு முணுமுணுப்பு இல்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

பிறகு நாலு நாள் விடாமல் மழை. மரம் ஊறிச் சக்கரங்கள் இறுகி, கடிகாரம் நின்றுவிட்டது. மறுநாள் ஹரிஷின் மனைவி தீபிகா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, உங்க க்ளாக் ஏன் நின்னுபோச்சு? அந்தச் சத்தம் கேட்டாதான் இவ தூங்குவா. நேத்துலேர்ந்து ஒரே அழுகை. அண்ணாகிட்ட சொல்லி ஓட விடுங்கக்கா, ப்ளீஸ்."

பழிவாங்கச் செய்தது தாலாட்டாகியிருக்கிறது! உள்ளே இருந்த இவர் முகம் இளகிவிட்டது. சக்கரங்களைத் தேய்த்துக் காலையிலேயே திரும்ப மாட்டியிருந்தார். பெண்டுலத்தை ஒரு தட்டுத் தட்டினால் போதும். கையை நீட்டினார். ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சக்கரம் போயிடுச்சு தீபிகா," என்று வாசலைப் பார்த்துச் சொன்னேன். "வேற அறுக்கணும், மெஷின் இல்லையே. உங்க வீட்டுக்காரர் அதே குரூப்புல எழுதட்டும், பாக்கலாம்."

அவள் போனதும் சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடி அழுகை.

"குழந்தை என்ன வனஜா பண்ணுச்சு?" என்றார்.

"நான் என்னங்க பண்ணேன்?"

அரை மணி நேரத்தில் ஹரிஷ் எழுதிவிட்டான். ‘அன்று நான் வீடியோ போட்டது தப்பு. சிவசங்கரன் அண்ணா ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓட்ட ஓனர் அனுமதிக்க வேண்டும்.’ ஓனரும் சரி என்றார். பெண்டுலத்தைத் தட்ட இவர் எழுந்தார்.

"உக்காருங்க," என்றேன். "எல்லாரும் பாக்கட்டும்."

ஒவ்வொரு வீடாக அந்தச் செய்திக்குக் கட்டைவிரல் விழுந்தது. பதின்மூன்று வீடு வந்தாயிற்று. மிச்சமிருந்த பதினான்காவது வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருந்தார். அவருடைய கட்டைவிரலும் வரட்டும் என்று, குழந்தையின் அழுகையைக் கேட்டுக்கொண்டே நான் காத்திருந்தேன்.