நான்கு பேரும் ஒரே காரில்

மலேசியாவில், லூனாஸில் எங்கள் வீட்டுக்கு அந்த விளையாட்டின் முதல் பாகம் வந்தபோது எனக்கு வயது பதினான்கு. சிங்கப்பூரில் வேலை செய்த சித்தப்பா தன்னுடைய பழைய வீடியோ கேம் பெட்டியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நான்கு பேர் பகடை உருட்டி, கட்டம் கட்டமாக நகர்ந்து, நட்சத்திரம் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு குட்டி விளையாட்டு. அக்கா, நான், தம்பி என்று நாங்கள் மூவர்தான். நான்காவது ஆளாகப் பெட்டியே ஆடும். பல நாள் அதுதான் ஜெயிக்கும்.

சில குட்டி விளையாட்டுகளில், பெட்டியோடு வந்த கைப்பிடியிலிருக்கும் சின்னக் குச்சியை வேகமாகச் சுழற்ற வேண்டும். விரலை விட உள்ளங்கை வேகம் என்று தம்பி கண்டுபிடித்தான். அக்கா விடுவாளா? கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் மதியம் முழுக்கத் தேய்த்ததில் அவள் உள்ளங்கையில் ஐம்பது காசு நாணயம் அளவுக்குக் கொப்புளம் வந்துவிட்டது. மறுநாள் கிறிஸ்துமஸ் பூசைக்குக் கோயிலில் கீபோர்டு வாசிக்க வேண்டியவள் அவள்.

"கையில என்னாம்மா ஆச்சு?" என்று பாட்டு மாஸ்டர் கேட்டார்.

"தேங்கா திருவுனேன் மாஸ்டர்" என்றாள் அக்கா, பூசைக்கு வந்த இடத்தில் கூசாமல்.

அடுத்த பாகத்தில் அந்த மாதிரி சுழற்றல்கள் காணாமல் போயின. பல வருடம் கழித்துப் பழைய விளையாட்டுகளைத் திரட்டி ஒரு பாகம் வந்தபோது, உள்ளங்கையால் சுழற்றக் கூடாது என்று திரையிலேயே எச்சரித்தார்கள். எங்கள் அக்காவைப் போல உலகம் முழுக்க ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

கையை வீசி ஆடும் பாகம் வந்த வருடம் அக்காவுக்குக் கல்யாணமானது. அத்தான் யாழ்ப்பாணக் குடும்பம், அலோர் ஸ்டாரில் அரசாங்க அதிகாரி. எங்கள் வீட்டில் முதல் கிறிஸ்துமஸுக்கு முழுக்கைச் சட்டை போட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் எப்படிப் பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. தம்பிதான் ஒரு ரிமோட்டை அவர் கையில் திணித்தான். சோடா டின்னைக் குலுக்கும் விளையாட்டு அது. அத்தான் அலுவலகக் கடமையைப் போலக் குலுக்கினார். அவருடைய மூக்குக் கண்ணாடி கழன்று பறந்து முறுக்கு டின்னுக்குள் விழுந்தது. அப்போதும் அவர் குலுக்குவதை நிறுத்தவில்லை. ஜெயித்துவிட்டு, "ஆர் வெண்டது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். நாங்கள் தரையில் உருண்டு சிரித்தோம். அன்றிலிருந்து எங்களுக்கு நான்காவது ஆள் கிடைத்துவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் பெட்டி தன் இஷ்டத்துக்குக் கூடுதல் நட்சத்திரம் கொடுக்கும். பிந்திய பாகங்களில் அதிகமாக அடிபட்டவருக்குக்கூட ஒன்று கிடைத்தது. "இது எந்தச் சட்டத்தில கிடக்கு? ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே!" என்று அத்தான் ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்பார்.

பிறகுதான் கார் வந்தது. ஒன்பதாம் பாகத்தில், யாருக்கும் தனிப் பாதை கிடையாது. நான்கு பேரும் ஒரே காரில் ஏறி, முறை வைத்து ஓட்ட வேண்டும். ரசிகர்கள் திட்டித் தீர்த்த பாகம் அது. எங்களுக்கும் பிடிக்கவில்லை. அதை விட்டால் அந்த வருடம் வேறு புதியது இல்லை.

தம்பி அப்போது ஆசிரியர் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு, கடலோரம் தஞ்சோங் டாவாயில் ஒரு கடல் உணவுக் கடையில் சமையலுக்குச் சேர்ந்திருந்தான். அந்தப் பயிற்சிக்கு அவனுக்கு விண்ணப்பம் நிரப்பி, நேர்முகத்துக்கு அழைத்துப்போனவள் அக்கா. ஏழு மாதமாக அவள் அவனோடு பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவன் ஒரு வாளி நண்டோடு வந்தான். அவள் நண்டைக் கழுவினாள், அவனைப் பார்க்கவில்லை.

சாப்பிட்டதும் அத்தான் பெட்டியைப் போட்டார். அக்கா கார் ஓட்டும் முறையில் ஒரு குட்டி அரக்கன் வழிமறித்தான். அவளும் இன்னொருவரும் சேர்ந்து அவனைத் தோற்கடிக்க வேண்டும். அந்த இன்னொருவரைப் பெட்டி சக்கரம் சுற்றித் தேர்ந்தெடுத்தது. சக்கரம் தம்பி மேல் நின்றது.

இருவரும் திரையை மட்டும் பார்த்து ஆடினார்கள். திரையில் தம்பியின் பொம்மை பள்ளத்தின் விளிம்புக்குப் போனது.

"குதிடா! குதி லா, மடையா!" என்று அக்கா கத்தினாள்.

"குதிச்சிட்டேன்கா! நீ அந்தப் பக்கம் போ!"

"நான் போறேன், நீ அவன புடி!"

ஜெயித்தார்கள். அக்கா கைப்பிடியை மடியில் வைத்துவிட்டு, இன்னும் திரையைப் பார்த்தபடியே, "நண்டு நல்லா இருந்துச்சு. மிளகு யாரு போட்டது?" என்றாள்.

"நான்தான்கா."

"கொஞ்சம் கொறச்சு போடு" என்றாள். அத்தான் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

பத்தாம் பாகத்துக்குப் பிறகு காரை எடுத்துவிட்டார்கள், ரசிகர்கள் கேட்டபடி. தனித்தனி ஓட்டம் திரும்பியது, ஒருவர் நட்சத்திரத்தை இன்னொருவர் திருடுவதும் திரும்பியது. தம்பி இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். கிறிஸ்துமஸ் அன்று அக்காவின் நட்சத்திரத்தைத்தான் முதலில் திருடுவான்.

கடைசியாக வந்த பாகத்தில் இணையத்தில் இருபது பேர் சேர்ந்து ஆடலாம். அக்கா அதில் விழுந்துவிட்டாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வீட்டுக்குப் போனேன். கைப்பிடியோடு வந்து கேட்டைத் திறந்தவள், என்னைச் சரியாகப் பார்க்காமலே உள்ளே ஓடினாள். "ரெண்டு ரவுண்டு இருக்கு லா. மீஹூன் மூடி வச்சிருக்கேன், நீயே போட்டுச் சாப்பிடு."

நான் அந்த அரிசி நூடுல்ஸைத் தட்டில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கிருந்தோ ஆடும் பத்தொன்பது பேரில் பன்னிரண்டு பேர் அவளுக்குப் பின்னால் இருந்தார்கள்.