கரையாத மாத்திரை

முந்தின நாள் விழுங்கிய சர்க்கரை மாத்திரை, காலையில் மலத்தோடு முழுசாக வெளியே வந்து கிடந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் போலி மாத்திரையைத் தலையில் கட்டிவிட்டார் என்றே நினைத்தேன். மாத்திரையை நிறுத்தினேன். நாலைந்து நாளில் தலை சுற்றியது.

பயந்துபோய், என்னைத் தெரியாத கடையாகப் பார்த்து மன்னார்புரத்துக்கு பஸ் ஏறினேன். மாத்திரை அட்டையை நீட்டி, "இது ஒரிஜினல்தானாம்மா?" என்றேன். கடையில் இருந்த பெண், பக்கத்தில் நின்றவர் போகும்வரை காத்திருந்து மெதுவாகக் கேட்டார்: "முழுசா வெளிய வந்துடுச்சாங்கண்ணா?"

எனக்குக் காது சூடேறியது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"அது வெறும் கூடுங்க. வயித்துல ஈரம் பட்டதும் ஊறி, மருந்தைக் கொஞ்சங் கொஞ்சமா விட்டுட்டு, சக்கை வெளிய வந்துடும். நிறுத்திடாதீங்க. இதைக் கேக்க எல்லாரும் தெரியாத கடையாத்தான் தேடி வராங்க!"

அப்போதும் நம்பவில்லை. வீட்டில் ஒரு மாத்திரையைத் தண்ணீரில் போட்டேன். மாலையில் அது, அந்தப் பெண் சொன்னபடியே ஊறி, ஜவ்வரிசி போல உப்பி, கரையாமல் கிடந்தது. அன்றே மறுபடி மாத்திரையைத் தொடங்கினேன்.

இப்போதும் எங்கள் தெருக் கடையில்தான் வாங்குகிறேன். "என்னண்ணே, நல்லாயிருக்கீங்களா?" என்று கடைக்காரர் எப்போதும் போலக் கேட்கிறார். அவரைத் திருடன் என்று நினைத்தது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிகிறதே. அவர் முகத்தைப் பார்க்காமலே தலையாட்டிவிட்டு வருகிறேன்.