இரண்டு வீட்டுக்கும் ஒரே ரூபாய்

அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியை ஆசாரியிடம் கொடுத்துப் பிரித்து, எனக்கு ஒரு வடம், தங்கைக்கு ஒரு வடம் என்று போட்டு அனுப்பினார் அப்பா. நான் வாக்கப்பட்டது நாமக்கல் பக்கம், மழையை நம்பிய கடலைக் காட்டுக்கு. அவள் போனது சேலம் டவுனுக்கு. அவள் புருஷன் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா, மாதச் சம்பளக்காரர்.

சில வருஷத்தில் விலைகள் விழுந்தன. கடலைக்காய் ஏற்றிப்போன வண்டி, ஆள்கூலிக்குக்கூடக் கட்டாமல் திரும்பியது. சர்க்காருக்குக் கட்டும் நிலத்தீர்வை மட்டும் ஓரணாகூடக் குறையவில்லை. தங்கை வீட்டிலோ சம்பளம் அதேதான், சாமான்கள் மலிவு.

"இப்பத்தான் அக்கா எங்கூட்டுல நெய் ஊத்திச் சாப்பிடறோம்" என்று அவள் வெள்ளந்தியாகச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு நோம்பிக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது எங்கள் வீட்டுக்காரரும் அவள் புருஷனும் இதைப் பற்றியே மல்லுக்கட்டினார்கள். ரூபாயின் மதிப்பைச் சீமையில் உட்கார்ந்து உயரத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள், கொஞ்சம் இறக்கினால் கடலைக்கு நாலு காசு கூடும் என்று மண்டிக்காரர் சொன்னதை இவர் எடுத்துவிட்டார். இறக்கினால் என் சம்பளத்துக்கு அரிசி யார் தருவார் என்று அவர் பதறினார். இரண்டு பேர் பேச்சும் நியாயமாக இருந்ததுதான் எனக்கு எரிச்சல். மழைகூட ஊருக்கு ஊர் வேறாகப் பெய்கிறது. இந்த ரூபாயை மட்டும் எல்லாருக்கும் ஒரே அளவாக வைத்தால் எப்படி?

தீர்வை பாக்கிக்குக் காட்டை ஏலம் போடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். கடலையைக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், ரூபாய்தான் வேண்டும். தங்கத்துக்கு மட்டும் விலை ஏறியிருந்ததால் வியாபாரிகள் தராசோடு ஊர் ஊராக அலைந்தார்கள். வெளியாள் கைக்குப் போக வேண்டாமென்று என் வடத்தைத் தங்கையே வாங்கிக்கொண்டாள், வியாபாரி சொன்ன விலைக்கே. காடு தப்பியது. அடுத்து வந்த உறவுக் கல்யாணத்தில் அவள் கழுத்தில் இரண்டு வடமும் சேர்ந்து கிடந்தன. அன்று நான் பந்தியில் உட்காரவில்லை.

பிறகு யுத்தம் வந்து எல்லாம் தலைகீழானது. மண்டிக்காரர்களே கடலையைத் தேடிக் காட்டுக்கு வந்தார்கள். சேலத்தில் ரேஷன் வரிசை நீண்டது. சம்பளம் பாதி மாதம்கூட நிற்கவில்லையாம். அவளுக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன், மறைப்பானேன்?

ஒரு மத்தியானம் தங்கை தனியாக வந்தாள், இளைத்துப்போய். முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு வடத்தையும் பாயில் வைத்தாள். வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு என் நாக்கு நுனியில் நின்றது. எங்கள் வீட்டுக்காரர் பணப்பெட்டியைத் திறக்க எழுந்தார்.

"ரூவா வேண்டாங்க மாமா. அதைக் கொண்டுபோயி அங்க என்னத்த வாங்கறது? கம்பு இருந்தாக் குடுங்க, கொழந்தைங்க பசி தாங்க மாட்டேங்குதுங்க" என்றாள்.

அன்று அவள் தந்த ரூபாய்க்கு இன்று எத்தனை படி கம்பு என்று அவர் படியைக் கையில் எடுத்துக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்தார். அந்த ரூபாயும் இந்த ரூபாயும் ஒன்றா? படியைப் பிடுங்கி வைத்துவிட்டு, நானே குதிரிலிருந்து வாரி வாரிப் பையில் கொட்டினேன்.

பிறகு பாயில் கிடந்த வடங்களைக் கையில் எடுத்தேன். ஒரே ஆசாரி பிரித்தவை, அடையாளம் தெரியவில்லை.

"இதுல எது என்னோடதுன்னு தெரியல சாமி" என்று ஒன்றை அவள் கழுத்தில் போட்டேன். அவள் அழுதாள். சேர்த்து வைத்திருந்த பேச்சை நான் பேசவே இல்லை.