வாயால் சத்தம் போடச் சொன்னவர்

மேலகரத்தில் அந்த மெக்கானிக்கைப் பார்த்ததும் கண்ணில் பட்டவை, விடைத்து நின்ற அவருடைய காதுகள்தான். காரில் ஏதோ சத்தம் வருகிறது என்று சொன்னதும் அவர் பானட்டைத் திறக்கவில்லை.

"மொதல்ல அந்தச் சத்தத்த வாயால போட்டுக் காட்டுங்க, அண்ணாச்சி."

எனக்குக் கூச்சம். "நாளைக்குப் புனலூர் போணும். சும்மா ஒரு உறுமல்தான், டயரா இருக்கும்" என்றேன்.

"டயரும் இல்ல, உறுமலும் இல்ல" என்று என் மனைவி இறங்கினாள். இல்லாத ஸ்டியரிங்கைக் கையால் வலப்பக்கம் ஒடித்துக்கொண்டே, "டக்டக்டக்டக்" என்று போட்டாள். எதிர் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அவர் மட்டும் கண்ணை மூடித் தலையை அவள் பக்கம் சாய்த்துக் கேட்டார்.

பிறகு என்னை அவள் உட்காரும் இடப்பக்கத்துச் சீட்டில் உட்காரவைத்து, அவரே வண்டியை எடுத்து, காலி இடத்தில் வலப்பக்கமாக முழுக்க ஒடித்து வட்டமடித்தார். என் காலடியில் அதே டக்டக்டக்டக்.

"ஆக்சில் ஜாயின்ட் போயிட்டு. ரப்பர் கிழிஞ்சு கிரீஸ் பூரா வெளிய கெடக்கு. இதோட மலை ஏறியிருந்தா வழியிலயே நின்னுருப்பீங்க" என்றவர், மனைவியிடம் கேட்டார்: "எத்தன நாளா கேக்குது, அக்கா?"

"மூணு மாசமா சொல்லுதேன்."

அவர் என்னைப் பார்த்தார். "அப்ப ரெண்டு கோளாறு. ஆக்சில நான் மாத்திருதேன், அண்ணாச்சி."

நான் என் காதைத் தடவிக்கொண்டேன். மறுநாள் புளியரை மலையேற்றத்தில் வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. இடப்பக்கத்துச் சீட்டில் சிரிப்புதான் நிற்கவில்லை.