மூன்று வழிகள் உள்ள ஊர்

பிற்பகல் இரண்டு மணி நாற்பதுக்கு மகளை டியூஷனுக்குக் கூட்டிப்போய் வரும் வான் சாரதி அழைத்தார். திகனப் பக்கம் முஸ்லிம் கடைகளை உடைக்கிறார்கள், நிலைமை சரியில்லை, கிளாஸை இடையில் நிறுத்திவிட்டார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புறப்படுகிறேன் என்றார். மகள் முதலாம் வகுப்பில் இருந்தே அவருடைய வானில்தான் போய்வருகிறாள். அவர் சிங்களவர். எங்களோடு பேசும்போது, அண்ணனுக்கு நாங்கள் சொல்லும் 'நானா'வையே எனக்கும் போட்டு, தனக்குத் தெரிந்த தமிழைப் பிடிவாதமாகப் பேசுவார். அன்று முழுக்கச் சிங்களத்திலேயே பேசினார்.

கிளாஸ் நடப்பது கண்டி நகரத்துக்குள். எங்கள் வீடு திகனவுக்குக் கிட்ட. இடையில் ஒரு பாலம். பாலத்தைத் தாண்டினால் வீட்டுக்கு மூன்று வழிகள்: நேராக வரும் பெரிய ரோட்டு, வயல்களையும் வீடுகளின் பின்பக்கங்களையும் ஒட்டி வரும் உள் ரோட்டு, மெனிக்கின்ன பக்கமாகச் சுற்றி வரும் நீண்ட வழி. நானும் மனைவியும் முன் கதவைப் பூட்டிவிட்டு உட்கார்ந்தோம். செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மூன்று வழிகளையும் மனதுக்குள் மாறி மாறி ஓட்டிக்கொண்டிருந்தபோது, வேறோர் ஊர்தான் நினைவுக்கு வந்தது. அந்த ஊர் எந்த நாட்டிலும் இல்லை.

யுத்த காலத்தில் கண்டி மார்க்கட்டுக்குப் பின்னால், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் ஒரு கொம்பியூட்டர் சென்டர் இருந்தது. வார நாட்களில் அங்கே வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் டைப் பண்ணுவார்கள். சனிக்கிழமை பின்னேரம் எல்லா மெஷின்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, ஐந்து பேருக்கு ஐந்து பேர் என்று துப்பாக்கி விளையாட்டு ஆடுவோம். நாட்டில் நிஜமாகவே சுட்டுக்கொண்டிருந்த காலத்தில் இது என்ன விளையாட்டு என்று இப்போது யாரும் கேட்கலாம். அப்போது எங்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி வரவில்லை.

நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அதே காரியாலயத்துக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து மாற்றலாகி வந்தவன் என் பக்கத்துக் கதிரைக்காரன். எதிர் அணி பெரும்பாலும் பேராதனைப் பக்கத்துச் சிங்களப் பையன்கள். வசைகள் மூன்று மொழியிலும் பறக்கும். தோற்றவர்கள் கீழே போய் எல்லாருக்கும் ரோல்ஸும் பால் விடாத பிளேன்டியும் வாங்கி வர வேண்டும்.

அந்த விளையாட்டில் ஆடும் களங்கள், எங்கள் பாஷையில் மேப், எத்தனையோ இருந்தன. பனிமலை, ரயில் நிலையம், பெரிய மாளிகை, எல்லாம். ஆனால் நாங்கள் திரும்பத் திரும்ப ஆடியது ஒன்றே ஒன்றைத்தான். பழைய துறைமுக ஊர் ஒன்று. வடக்கே அவர்கள், தெற்கே நாங்கள். நடுவில் ஒரு கிணற்று முற்றம். இங்கிருந்து அங்கே போக மூன்று வழி. புதிதாக வந்த ஒருவனுக்கு உள்ளங்கையில் விரலால் கோடு போட்டே முழு ஊரையும் காட்டிவிடலாம். அப்படிக் காட்ட முடியாத மேப் எதுவும் அந்தச் சென்டரில் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

ஒவ்வோர் இடத்துக்கும் நாங்களே பெயர் வைத்திருந்தோம். ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை தெரியும் நீண்ட தெரு, தலதா வீதி. ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஏற முடியாத இடுக்குப் படி, மார்க்கட் படி. தெருவையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒற்றை ஜன்னலுக்குப் பெரியம்மா ஜன்னல். வெளியே வர ஒரே ஒரு வாசல் மட்டும் உள்ள கிடங்குக்கு, ஜெயில் என்ற அர்த்தத்தில், மறியல். பெயர் வைக்கத் தூண்டாத சந்தி அந்த ஊரில் ஒன்றுகூட இல்லை. பெயர் இருந்ததால்தான் ஐந்து பேரும் கத்திக் கத்தியே ஒருவருக்கொருவர் கண்ணாக இருக்க முடிந்தது.

"பெரியம்மாவில ஒருத்தன் நிக்கிறான்!" என்று நான் கத்துவேன்.

"ஓம், கண்டிட்டன். நீ வீதியால ஓடிக் காட்டு, நான் பின்படியால ஏறுறன்" என்பான் யாழ்ப்பாணத்தான்.

"நான் ஓடினா செத்துருவேனே மச்சான்."

"செத்தா என்ன, ரோல்ஸ் நான் வாங்கித் தாறன்."

அந்த ஜன்னலில் நிற்பவனுக்குத் தலதா வீதி முழுக்கச் சொந்தம். ஆனால் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு மரப்படி. யாராவது ஏறினால் பலகை கிறீச்சிடும். அந்தச் சத்தத்துக்குத் திரும்பினால் வீதி போய்விடும். திரும்பாவிட்டால் உயிர் போய்விடும். முற்றத்தைப் பிடித்தவன் மூன்று வழியையும் பிடித்தவன்தான், ஆனால் மூன்று பக்கத்தாலும் அடி வாங்குவான். கிட்டிய வழி வெட்டவெளி. மறைவான வழி சுற்று. அந்தச் சுற்று எவ்வளவு நேரம் தின்னும் என்பது இரண்டு அணிக்கும் தெரியும், ஆகவே மறைவில் வருபவனை எப்போது எதிர்பார்ப்பது என்பதும் தெரியும். முழுக்கப் பாதுகாப்பான இடம் என்று ஒன்றும் இல்லை, தப்பவே முடியாத இடம் என்றும் ஒன்றும் இல்லை. அதை வரைந்தவன் யாரோ, இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி நேசித்திருக்கிறான்.

ஒரு தடவை ஆட்டத்துக்கு நடுவே யாழ்ப்பாணத்தான் சொன்னான்: "உனக்குத் தெரியுமே, இந்த ஊரில மட்டுந்தான் நான் ஐசி காட்டாமல் ஒரு சந்தியைக் கடக்கிறன்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவனுடைய வாடகை அறையில் இருந்து சென்டருக்கு வருவதற்குள் எத்தனை இடத்தில் அடையாள அட்டை கேட்டு அவனை மறிப்பார்கள் என்பதை நான் கூடவே நடந்து பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நிற்கும் முஸ்லிமான என்னிடம் கேட்காமல், தமிழனான அவனிடம் மட்டும் கேட்ட நாட்களும் உண்டு.

எங்களுக்குள் ஓர் எழுதாத சட்டம் இருந்தது: ஒளிந்து நிற்கக் கூடாது. மறியலுக்குள் பதுங்கி எவனாவது நேரத்தைக் கடத்தினால் இரண்டு அணியும் சேர்ந்தே திட்டும். "என்னடா, மறியல்ல சோறு நல்லமா?" என்பார்கள். "எழும்பி வாடா, உள்ளுக்க என்ன விறகு கொத்துறியோ?" என்பான் என் நண்பன். நகர்ந்துகொண்டே இரு, ஒரு வழி அடைபட்டால் அடுத்ததைப் பிடி. இதை யாரும் கற்பிக்கவில்லை. சனிக்கிழமைகளிலேயே எலும்பில் ஊறிவிட்டது.

நண்பன் பிறகு கனடா போனான். சென்டர் இருந்த மாடியில் இப்போது செருப்பும் சப்பாத்தும் விற்கிறார்கள். நான் அந்தப் பழைய விளையாட்டைத் தேடிப்பிடித்து வீட்டுக் கொம்பியூட்டரில் போட்டேன். பாடசாலை விடுமுறைகளில் மகளும் நானும் ஆடுவோம்.

"வாப்பா, ஒங்கட மேப்ல பாக்க ஒண்ணுமே இல்லியே. மண்ணும் செவரும்தான் ஈக்கி" என்றாள் முதல் நாள்.

"மூணு கெழம ஆடிட்டுச் சொல்லுங்க மகள்."

மூன்று வாரம் தேவைப்படவில்லை. ஒரு நாள் என்னைப் பின்படியால் வந்து சுட்டுவிட்டு, கதிரையைச் சுழற்றியபடி சொன்னாள்: "இதுல தோத்தா, எங்க பிழ விட்டேன்டு வெளங்குது வாப்பா. மத்த மேப்ல ஏன் செத்தேன்டே தெரியாது."

இத்தனை வருடமாக நான் சொல்லத் தேடிய விஷயம் அதுதான்.

திகன கலங்கிய அந்தப் பிற்பகல் மூன்றரை மணிபோல் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் சின்னப் பிள்ளைகள் அழும் சத்தம்.

"வாப்பா, பாலத்தத் தாண்டிட்டோம். பெரிய ரோட்ல டயர் எரியுது, ஆக்கள் கூடி நிக்கிறாங்க. எந்தப் பக்கம் போறண்டு வான் அங்கிள் கேக்குறார். உள் ரோட்டா, மெனிக்கின்னயா?"

நான் யோசிக்கவில்லை. வாய் தன்பாட்டில் பேசியது. வெட்டவெளி அடைபட்டால் மறைவு வழி. "உள் ரோட்டால வாங்க. நிக்காம வாங்க, எங்கயும் நிறுத்த வாணாம்டு சொல்லுங்க..."

மனைவி போனைப் பறித்தாள். "பைத்தியமா ஒங்களுக்கு? அந்த ரோட்ல யார் நிக்கிறாண்டு ஒங்களுக்குத் தெரியுமா?" தெரியாது. "மகள், ஒரு பக்கமும் வர வாணாம். திரும்புங்க. அங்கிள்ட போனக் குடுங்க."

அவரோடு சிங்களத்தில் பேசினாள். பாலத்துக்குக் கிட்ட அவருடைய அக்கா வீடு இருந்தது. பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் உள்ளே வைத்திருங்கள், நாங்கள் சொல்லும் வரை வெளியே எடுக்க வேண்டாம் என்றாள். கடைசியில், "எங்கட மகள் கத்தரிக்கா தின்ன மாட்டா, வேற எது குடுத்தாலும் தின்னுவா" என்றும் சொன்னாள். சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

நான் அவளோடு சண்டை பிடித்தேன். நிற்பது எப்படிச் சரியாகும், வீடு தெரிந்தால் தேடி வர மாட்டார்களா, நகர்ந்தால்தானே தப்பலாம் என்றேன். அவள் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் மகளின் போன் ஓய்ந்துவிட்டது. சாரதியின் போனும் எடுபடவில்லை. ஊரடங்குச் சட்டம் என்று வானொலியில் அறிவித்தார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் அந்த உள் ரோட்டால்தான் கும்பலாக ஆட்கள் வந்தார்கள்; மூன்றரைக்கே அந்த ரோட்டில் கூடி நின்றவர்கள் என்று பிறகு தெரிந்தது. பொல்லும் போத்தலுமாக எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்தால் போனார்கள். சந்தியில் இரண்டு கடைகள் எரிந்தன. நாங்கள் விளக்கை அணைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தோம். அவர்கள் கூடி நின்றபோது ஒரு வான் அந்த ரோட்டால் வந்திருந்தால் என்பதை நான் இன்றைக்கும் முழுதாக யோசித்து முடித்ததில்லை. பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

துறைமுக ஊரில் ஒரு பலகை கிறீச்சிட்டால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. எத்தனை பேர், எங்கே, எவ்வளவு நேரம் என்று எண்ணிவிடலாம். இங்கே ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆயிரம் அர்த்தம். அங்கே எதிர்ப்பக்கம் நின்றவர்கள் ஆட்டம் முடிந்தால் ரோல்ஸ் வாங்கி வருவார்கள். எனக்கு அந்த மாடி அறை வேண்டும்போல் இருந்தது. வியர்வை நாற்றம், நின்று நின்று சுற்றும் மின்விசிறி, மூன்று மொழிக் கெட்ட வார்த்தைகள், எல்லாம் வேண்டும்போல் இருந்தது.

அடுத்த நாள் காலை சில மணி நேரத்துக்கு ஊரடங்கைத் தளர்த்தினார்கள். ஆமிக்காரர்கள் நின்ற பெரிய ரோட்டாலேயே வான் வந்தது. மற்றப் பிள்ளைகளை இறக்கிவிட்டு எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தார். மகள் யாருடையதோ நீல நிறச் சட்டையில் இறங்கினாள். உம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

சாரதி இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன. நான் கதவடிக்குப் போய் அவர் தோளில் கைவைத்தேன். என்னைப் பார்க்காமல், தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"மகள் பயம் இல்ல நானா. மகள் நல்லா தூங்கின. நான்தான் பயம். நான் ராவு முழுக்கக் கதவு கிட்ட உக்காந்த."