வெயில் காணாத கை

ஓசூர் அருகே பிளாஸ்டிக் கூரையிட்ட ஒரு ரோஜாத் தோட்டத்தில், எலும்பு வலிமைக்கான இரத்தப் பரிசோதனை முகாமில் உதவப் போனபோது அந்த அம்மாளைச் சந்தித்தேன். பூப்பறிக்கும் மற்ற பெண்களைப்போல அவரும் முள்ளுக்கும் பூச்சிமருந்துக்கும் அஞ்சிப் புடவைமேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை அணிந்திருந்தார். பேசும்போதெல்லாம் கைப்பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். ஊசிக்காக அதைக் கழற்றியபோது, கறுத்த விரல்களுக்கு மேலே வெளிறிய கை தெரிந்தது.

மறுவாரம் வந்த முடிவில் வைட்டமின் டி மிகக் குறைவு. முன்பே வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தவர். மீண்டும் முறிந்தால் வேலை போய்விடும். மாத்திரையோடு வெயிலும் வேண்டும் என்றார் மருத்துவர்.

"நாள் பூரா தோட்டத்துலதான கெடக்கறேன், டாக்டரம்மா?"

"பிளாஸ்டிக் கூரைக்கு அடியில, அதுவும் சட்டையோட."

"வூட்டுக்காரரு சட்டைய அவுக்க அதுக்கு மனசு வரல," என்று சீண்டினார் வரிசையில் பின்னால் நின்ற பெண்.

"அடி போடி! அந்தாளு உசுரோட இருந்தப்பக்கூட என்னைய இந்தச் சட்டையாட்டம் காபந்து பண்ணல."

மாத்திரை கொடுக்க மறுபடி போன அன்று, சோற்று வேளையில் மற்றவர்கள் நிழலில் இருக்க, அவர் மட்டும் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு, வளையல் போட்டுக்கொள்பவரைப்போல இரு கைகளையும் வெயிலில் நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

இன்றும் யாராவது ரோஜாக்கொத்தை நீட்டினால், அந்த எலும்புகள் தேறினவா என்ற கேள்வியையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறேன்.