எட்டாவது மாடி டிஷ்யூ ரோல்

படாளத்து ஜெசிந்தாவுக்குச் சிறுசேரியில் ஒரு பத்து மாடிக் கட்டடம் அத்துப்படி. அங்கே அவள் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். எந்த மாடியில் எத்தனை பேர் வேலைக்கு வருகிறார்கள் என்பதைக் கழிவறை டிஷ்யூ ரோலை வைத்தே சொல்லிவிடுவாள். ஐந்தாவது மாடிக்கு ஒரு நாளைக்கு ஒன்பது ரோல் போதாது. எட்டாவது மாடியில் போன மாதம் மாட்டிய ரோல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

மறைமலைநகரில் அவள் முன்பு வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது வந்த மூன்று லட்சம் பேங்கில் தூங்கியது. அவளிடம் இருந்த மொத்தச் சேமிப்பும் அதுதான். கொழுந்தன் பூபாலன் அதன்மேல் கண் வைத்தான், நல்லெண்ணத்தோடுதான்.

"உங்க பில்டிங் ரீட்டுன்னு ஒரு முதலீட்டு டிரஸ்டோடது அண்ணி. நாலு பேரு துட்டுல ஆபீஸ் கட்டடங்கள வச்சினு, வாடகைய பங்கு பிரிச்சுக் குடுக்கறாங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா டப்பு வரும். நீ தொடைக்கிற கட்டடத்துக்கு நீயே ஓனரு."

கடைசி வாக்கியத்தில் ஜெசிந்தா கவிழ்ந்தே போனாள். அவள் பரம்பரையில் யார் பெயரிலும் ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. ஆனாலும் கேட்டாள்.

"எவ்ளோ ஃபுல்லா கீதுன்னு சொல்றாங்க?"

"தொண்ணூத்தாறு பர்சென்ட்."

"எட்டாவது மாடில ஈ காக்கா இல்ல. எவன் எண்ணுனான்?"

கணக்குப் பிரிவில் வேலை செய்யும் மகள் சிநேகா, அந்த ரீட்டின் ஆண்டறிக்கையைப் போனில் திறந்தாள்.

"பொய் இல்லம்மா. ஆளு வரலன்னாலும் அந்த மாடிய எடுத்த கம்பெனி வாடகை கட்டிகினுதான் கீது. ஒப்பந்தம் மார்ச் வரைக்கும்."

"அப்பால?"

"அதான் பேஜாரு. ரீட்டோட கடனும் ஏறிகினே போவுது. போன தபா பிரிச்சுக் குடுத்த துட்டு, வாடகைல செலவு போக நின்னதவிட ஜாஸ்தி. மீதிய கடன் வாங்கிக் குடுத்துகீறாங்க."

ஜெசிந்தா பூபாலனிடம் முடிவாகச் சொன்னாள். "எட்டாவது மாடி ரோலு தீரட்டும். அப்பால பாக்கலாம்."

பூபாலன் சிரித்துவிட்டு, தன் பங்குக்கு ஒரு லட்சம் போட்டான். மார்ச்சில் எட்டாவது மாடி காலியானது. அடுத்த மூன்று மாதப் பங்குப் பணம் பாதியாக வந்தது, அவன் வாங்கிய ரீட் யூனிட்டின் விலையும் சரிந்தது. அதன்பிறகு சனிக்கிழமை தவறாமல் போன் செய்வான். அவன் பார்க்கும் பங்குச் சந்தை நிலவரம் இப்போது ஒரே கேள்விதான்.

"அண்ணி, ரோலு மாத்துனியா?"

"இல்ல."

தை மாதம் வேறொரு கம்பெனி எட்டாவது மாடிக்குக் குடிவந்தது, ஒன்பது வருட ஒப்பந்தத்தோடு. கடன் இறங்கிவிட்டதா என்று சிநேகாவைப் பார்க்கச் சொன்னாள் ஜெசிந்தா. இறங்கியிருந்தது. பிரித்துக் கொடுக்கும் பணமும் இப்போது வாடகைக்குள்ளேயே அடங்கியது. வழக்கம்போல் சனிக்கிழமை போன் வந்தது.

"இன்னா அண்ணி, ரோலு?"

"நாளுக்கு ஏழு தீருது."

"அப்ப நீயும் கொஞ்சம் வாங்கிப் போடேன்."

"நேத்தே வாங்கிட்டேன். ஒரு லட்சத்துக்கு மட்டும்."

பேசிக்கொண்டே, எட்டாவது மாடியில் ஏற்கெனவே துடைத்து முடித்திருந்த வாஷ்பேசினை ஜெசிந்தா இன்னொரு முறை துடைத்தாள்.